படகுக்காரர் முடிச்சு

மதகு திறந்த நாளில் கெலவரப்பள்ளி அணை முழுக்க நுரை.
கர்நாடகத்து ஆலைகள் கழித்த வெள்ளை.
காற்றடித்தால் முகாமின் கொடிக்கயிறு வரை வந்து
காயப்போட்ட சட்டைகளில் உட்காரும்.
அதுவும் எல்லை தாண்டித்தான் வருகிறது.
அதை ஒருவரும் வரிசையில் நிறுத்திப் பேர் கேட்பதில்லை.

எங்களைக் கேட்பார்கள்.
தலை எண்ணுகிற நாளில் பதிவேட்டில்
அவன் பேர் என் பேருக்கு மேலே:
குலவீரசிங்கம், பெயிண்டர்.
நானும் பெயிண்டர்.
இங்கே எல்லாரும் பெயிண்டர்.

ஓசூர், பாகலூர் சாலை, பதினொரு மாடி.
மேலே தூணில் கயிற்றைக் கட்டுவது அவன்,
அதில் தொங்குவதும் அவன்.
பக்கத்தில் காவல் நிற்பது நான்.
பன்னிரண்டாம் நாள்தான் அந்த முடிச்சைப் பார்த்தேன்.
இரண்டு சுற்று, உள்ளால் ஒரு மடிப்பு,
குட்டை நுனி இடப்பக்கம்.

எண்பத்தாறில், எங்கட சந்தியில்,
அண்ணன் இதயச்சந்திரனின் மணிக்கட்டில் இருந்தது அது.
நகத்தால் முயன்றேன். பல்லால் முயன்றேன்.
ஈரத்தில் இறுகிப் போயிருந்தது.
கடைசியில் மீன்கத்தி வாங்கிவந்து அறுத்தோம்.
கட்டியது ஆமி இல்லை.
ஆமி முகாமில் அன்றைக்கு ஒரு வெடிகூட இல்லை,
காவலரணில் சீட்டாடினார்கள் என்று பிறகு சொன்னார்கள்.
அவர்களுடைய வேலையை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டு இயக்கமும் இந்தக் கரையில்தான் சுடப் படித்தது.
நடுவில் ஒரு புளியந்தோப்பு.
ஒரே லொறி இரண்டு பக்கமும் அரிசி இறக்கும்.
ஞாயிற்றுக்கிழமை கைப்பந்து.
யார் தோற்றது என்று ஞாபகம் இல்லை.
அவர்களிடம் ஒரு படகோட்டி இருந்தான், கொலம்பஸ் என்பார்கள்,
எந்த இருட்டிலும் அக்கரையைக் கண்டுபிடிப்பானாம்.
முகம் பார்த்ததில்லை.
பீடி நெருப்பை மட்டும், ஒருமுறை.

எங்கட ஆட்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல மாட்டேன்.
ஒரு வீட்டை நான் காட்டினேன்.
பச்சைக் கேற்.
விரல் நீட்டவில்லை, நாடியால் காட்டினேன்.
இப்போதும் கேற் வேலை வந்தால்
வேறு ஆளை அனுப்பச் சொல்கிறேன்.
எனக்கு இரும்புத் துரு ஒத்துக்காது என்று
மேஸ்திரி முனிராஜப்பா நம்புகிறார்.

மொட்டைமாடியில் நல்ல வெயில்.
ஒன்பதாம் மாடிச் சுவரில் அவன்
விசிலடித்துக்கொண்டே உருளையை இழுக்கிறான்.
என் கையில் பட்டி சுரண்டுகிற கத்தி.
எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.
கீழிருந்து கூப்பிட்டான்:
“அண்ணை, வாளி.”

அண்ணை என்றான்.

இறக்கினேன். வாளியைத்தான்.

நாலு மணித் தேநீருக்குக் கேட்டேன்,
இதை எப்படி அவிழ்க்கிறது?
குட்டை நுனியைச் சுண்டினான். விழுந்தது.
அவ்வளவுதான்.
முப்பது வருசத்துப் பல்வலி, ஒரு சுண்டு.
“படகுக்காரர் முடிச்சு அண்ணை,
பாரம் இருக்கும்வரைக்கும் இறுகும்,
தெரியாதவன் அறுக்கத்தான் வேணும்” என்றவன்
பாதியில் நின்றான்.
கத்தியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
“எந்த ஊர் நீங்கள்?”
சொன்னேன்.
ஊரின் பேரை மட்டும்தான் சொன்னேன்.
அவன் தேநீரில் ஆடை படிந்தது.

அதற்குப் பிறகு அவன் விசிலடிப்பதில்லை.
கயிறு கட்டுவது இப்போது நான்.
கேட்டு வாங்கவில்லை; மறுநாள் காலை
சுருளை என் காலடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றான்.
இரண்டு சுற்று, உள்ளால் மடிப்பு,
குட்டை நுனி இடப்பக்கம்.
ஏறி உட்காருமுன் அவன் இழுத்துப் பார்ப்பதில்லை.

பார்க்கட்டும் என்று நிற்கிறேன்,
ஒவ்வொரு காலையும்.